பெற்றோர் குழுவின் பணமும் சட்டமும்: வடசென்னைப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் என் மகள் படித்த பள்ளியின் பெற்றோர் குழுவுக்கு ஆறு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். இராயபுரம், காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி என்று சுற்றுவட்டாரத்தில் புதிதாகக் குழு தொடங்குகிறவர்கள் இன்றும் என்னிடம் வந்து கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. பெரிய தொகையோ வழக்கோ வந்துவிட்டால் வழக்கறிஞரிடமும் தணிக்கையாளரிடமும்தான் போக வேண்டும்.

அந்த ஆறு ஆண்டுகளில் குழுப் பணத்தைத் திருடிய ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. திருடியதாகப் பெயர் வாங்கிய மூன்று பேரைப் பார்த்திருக்கிறேன். மூவரும் நேர்மையானவர்கள். எழுதி வைக்காததுதான் அவர்கள் செய்த தவறு.

முப்பது பெற்றோர் சேர்ந்த வாட்ஸ்அப் குழுதானே, இதற்கெல்லாம் சட்டம் எதற்கு?

பேசிக்கொண்டிருக்கும்வரை தேவையில்லை. நாளை பள்ளி உண்டா, எந்தப் பாடத்துக்குத் தேர்வு என்று கேட்க யாருக்கும் பதிவு எண் வேண்டாம். முதல் நூறு ரூபாய் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போகும் நாளில்தான் நிலைமை மாறுகிறது. அது ஒரு காரியத்துக்காக நம்பி ஒப்படைக்கப்பட்ட பிறர் பணம். அதை நேர்மையற்ற எண்ணத்தோடு கையாண்டால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவின்படி நம்பிக்கை மோசடி. ஐந்து ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. நம் எண்ணம் சுத்தமானது என்று நமக்குத் தெரியும். புகார் வந்தால் அதை மற்றவர்களுக்கு எப்படிக் காட்டுவது? நோட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் நமக்காகப் பேசும்.

பள்ளி மேலாண்மைக் குழு, பெற்றோர் ஆசிரியர் கழகம், எங்கள் குழு எல்லாம் ஒன்றுதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

பள்ளி மேலாண்மைக் குழு என்பது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் வருவது. அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, உதவி பெறும் பள்ளி ஆகியவற்றுக்கு அது கட்டாயம். நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோராகவோ காப்பாளராகவோ இருக்க வேண்டும்; பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வரும் அரசு நிதி செலவாவதைக் கண்காணிப்பது அதன் வேலை. உதவி பெறாத தனியார் பள்ளிக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு. அதற்கு மாநில அளவில் தலைமைக் கழகம் உண்டு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புக்கு வினாவிடைப் புத்தகம் வெளியிடுகிறார்களே, அவர்கள்தான். உங்கள் பள்ளியில் இந்தக் கழகம் இயங்கினால் அதன் விதிமுறைப்படிதான் பணத்தைத் தொட வேண்டும்.

மூன்றாவது, பெற்றோர் தாமாகச் சேர்ந்து நடத்தும் குழு. இதற்குப் பள்ளியின் பெயரிலோ கழகத்தின் பெயரிலோ வசூல் செய்ய உரிமை கிடையாது. பள்ளியின் முத்திரையைப் போட்டு ரசீது அடித்துவிட்டு, பிறகு தலைமை ஆசிரியர் அழைத்து விசாரித்தபோது பதில் சொல்ல முடியாமல் நின்ற ஒரு குழுவை எனக்குத் தெரியும். குழுவுக்கென்று ஒரு பெயர் வையுங்கள். ரசீதில் அந்தப் பெயர் மட்டும் இருக்கட்டும்.

பதிவு செய்தே தீர வேண்டுமா?

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975இல் வந்தது. ஏழு பேர் இருந்தால் பதிவு செய்துகொள்ளலாம். உறுப்பினர் எண்ணிக்கை 20க்குக் குறையாமல் இருந்தாலோ, ஓராண்டின் மொத்த வரவோ செலவோ 10,000 ரூபாய்க்குக் குறையாமல் இருந்தாலோ பதிவு கட்டாயம் என்று அதே சட்டம் சொல்கிறது. இன்றைக்கு ஓர் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போட்டாலே பத்தாயிரம் தாண்டிவிடும். ஆகவே ஆண்டுதோறும் வசூல் செய்யும் எந்தக் குழுவும் இந்த வரம்புக்குள் வந்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நம் பகுதிக்கு வடசென்னை மாவட்டப் பதிவாளரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும், நிர்வாகிகள் மாறினால் தெரிவிக்க வேண்டும். ஆர்வத்தில் பதிவு செய்துவிட்டு நான்கு ஆண்டுகள் எதையும் தாக்கல் செய்யாமல் விட்டவர்கள் பிறகு தாமதக் கட்டணத்தோடு அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் பதிவில் இறங்குங்கள். ஆள் இல்லையென்றால் வசூலே வேண்டாம். பஸ்காரருக்கும் சமையல்காரருக்கும் பெற்றோர் நேரடியாகக் கொடுத்துவிடட்டும்.

என் ஜிபே எண்ணுக்கே எல்லோரையும் அனுப்பச் சொல்லலாமா? கணக்கு நான் சரியாகவே வைத்திருப்பேன்.

வேண்டாம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

எனக்கு முன் பொருளாளராக இருந்தவர் பழைய வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வைத்திருந்தார். மாமல்லபுரம் சுற்றுலாவுக்காகப் பெற்றோர் அனுப்பிய பணம் அவருடைய சேமிப்புக் கணக்கில் சேர்ந்தது. மொத்தம் அறுபதாயிரத்துச் சொச்சம். தையல் இயந்திரக் கடனுக்கான தவணை மாதம் ஐந்தாம் தேதி அதே கணக்கிலிருந்து தானாகக் கழியும். முந்தைய இரண்டு மாதத் தவணை பாக்கி. கணக்கில் பணம் வந்ததும் வங்கி மூன்று தவணையையும் அபராதத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டது. காலையில் பஸ்ஸுக்கு முன்பணம் அனுப்ப உட்கார்ந்தபோதுதான் அவருக்கே தெரிந்தது. யாரிடமும் சொல்லாமல் இரண்டு வளையலை மிண்ட் பக்கம் கொண்டுபோய் அடகு வைத்து, மதியத்துக்குள் பணத்தைக் கட்டிவிட்டார். சுற்றுலாவும் நல்லபடியாக நடந்தது. ஆனால் அன்று காலை பஸ் உரிமையாளர் வேறொரு பெற்றோரை அழைத்துப் பணம் வரவில்லையே என்று கேட்டிருந்தார். மாலைக்குள் தெரு முழுவதும் பேசிவிட்டது. அந்த அம்மா அடுத்த கூட்டத்துக்கு வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. உங்களுக்குப் பணம் அனுப்பிய முப்பது பேரில் யாராவது ஒருவர் கணக்குக்கு இணைய மோசடிப் பணம் வந்திருந்தால், காவல் துறை அதைத் தொடர்ந்து வரும்போது உங்கள் கணக்கும் முடக்கப்படலாம். அதை விடுவிக்க நாட்கணக்கில் அலைய வேண்டும். வீட்டு வாடகை, சிலிண்டர், பிள்ளையின் கட்டணம் எல்லாம் அந்தக் கணக்கில்தானே இருக்கும்?

குழுவின் பெயரில் பான் அட்டை வாங்கி, தீர்மான நகலைக் கொடுத்து, குழுவின் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பணம் எடுக்க இருவர் கையெழுத்து வேண்டும் என்று வங்கியில் எழுதிக் கொடுங்கள். அந்த இருவரும் கணவன் மனைவியாகவோ அண்ணன் தம்பியாகவோ இருக்கக் கூடாது. கணக்கின் கியூஆர் கோடை அச்சடித்து, கூட்டம் நடக்கும் இடத்தில் ஒட்டிவிடுங்கள். பதிவு முடியும்வரை பொறுக்க முடியாது என்றால், இரண்டு பெற்றோர் இதற்கென்றே புதிதாக ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி, அது குழுப் பணம் மட்டுமே என்று தீர்மானத்தில் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வருமான வரிக் கணக்கில் அந்தப் பணமும் வட்டியும் அந்த இருவர் பெயரில்தான் தெரியும். ஆகவே அதை நீட்டிக்காதீர்கள்.

ரசீது எப்படி வைக்க வேண்டும்?

வரிசை எண் அச்சிட்ட புத்தகம், கார்பன் நகல். அச்சகத்திலேயே எண் போட்டு வாங்க வேண்டும். கையால் எண் போடக் கூடாது. தவறாக எழுதிய ரசீதைக் கிழித்து எறியாதீர்கள். குறுக்கே கோடு போட்டு, ரத்து என்று எழுதி, அடிக்கட்டையோடு ஒட்டி வையுங்கள். நடுவில் ஓர் எண் காணாமல் போனால் அந்த ஒரு தாளுக்காக மொத்தப் புத்தகத்தையும் சந்தேகப்படுவார்கள். ரொக்கமாக வந்ததை அடுத்த வேலை நாளில் வங்கியில் கட்டிவிடுங்கள். அவசரச் செலவுக்காகக் கையில் வைத்திருக்கும் தொகைக்குக் கூட்டத்தில் வரம்பு தீர்மானியுங்கள். நாங்கள் 1,000 ரூபாய் வைத்திருந்தோம். மாதம் பிறந்ததும் வரவுசெலவுப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுங்கள். யாரும் கேட்பதற்கு முன்பே போட வேண்டும். கேட்ட பிறகு போட்டால் அது பதில் சொல்வது போல ஆகிவிடும்.

காசிமேட்டில் மீன் விற்கும் ஓர் அம்மா, கூடையைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து 300 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். ரசீது வேண்டாம், தனக்குப் படிக்கத் தெரியாது என்றார். நான் வற்புறுத்திக் கையில் திணித்தேன். ஈராண்டுகள் கழித்துக் குழு மாறியபோது, அவர் பணமே கட்டவில்லை என்று பழைய பட்டியலைப் பார்த்து யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாள் அவர் வந்தார். குடும்ப அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் உறைக்குள் கைவிட்டு, நான்காக மடித்த அந்த ரசீதை எடுத்து மேசைமேல் பிரித்து வைத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டியல்தான் தவறு.

எல்லோரும் கட்டாயம் 500 ரூபாய் தர வேண்டும் என்று தீர்மானம் போடலாமா?

போடாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பிள்ளையைச் சேர்க்கும்போது, அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்கு மேல் எந்தப் பெயரில் நன்கொடை வாங்குவதையும் தடை செய்கிறது. வாங்கியதைப் போல் பத்து மடங்குவரை அபராதம் விதிக்கலாம். அதில் கவனிக்க வேண்டிய சொல் ஒன்று உண்டு: ‘பள்ளியோ நபரோ’ வாங்கக் கூடாது என்கிறது சட்டம். சேர்க்கை நடக்கும் அறைக்கு வெளியே மேசை போட்டு ரசீதுப் புத்தகத்தோடு உட்காரும் குழு உறுப்பினரும் அந்த ‘நபருக்குள்’ வந்துவிடுவார். தனியார் பள்ளிகளின் கட்டணத்தை ஒழுங்குபடுத்தவும் 2009இலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்து, கட்டணம் நிர்ணயிக்கக் குழு அமைந்தது. பள்ளி நேரடியாகக் கேட்க முடியாத பணத்தைப் பெற்றோர் குழு மூலம் கேட்கச் சொன்னால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

சட்டத்தைத் தள்ளி வைத்துவிட்டு நம் ஊரைப் பார்ப்போம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பள்ளி திறப்பது ஜூன் மாதம். காசிமேட்டுப் பிள்ளைகள் பலர் வீட்டில் இரண்டு மாதமாக வருமானம் இருக்காது. நோட்டு, பை, சீருடை எல்லாம் கடனில் வாங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் வசூல் அறிவிப்பதே தவறு. நாங்கள் வசூலை ஆகஸ்ட் மாதத்துக்கு மாற்றினோம். தராதவர் பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பெற்றவர் தராத பணத்துக்காகப் பிள்ளையை விழா மேடையிலிருந்து இறக்குவது, பரிசு கொடுக்காமல் விடுவது போன்றவற்றை எந்தக் குழு செய்தாலும் நான் அந்தக் குழுவின் பக்கம் நிற்க மாட்டேன்.

வெள்ள நிவாரணத்துக்கு வசூலித்ததில் மீதி இருக்கிறது. ஆண்டு விழாவுக்கு எடுத்துக்கொள்ளலாமா?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு இந்தக் கேள்வியைப் பலர் கேட்டார்கள். கொடுத்தவர் எதற்குக் கொடுத்தாரோ அதற்குத்தான் செலவு செய்ய வேண்டும். மீதி இருந்தால் பொதுக்கூட்டத்தில் தொகையைச் சொல்லி, வேறு எதற்கு மாற்றலாம் என்று கேட்டுத் தீர்மானம் எழுதுங்கள். திரும்பக் கேட்பவருக்குத் திருப்பிக் கொடுங்கள். அடுத்த முறை வசூலிக்கும்போதே, மீதியை என்ன செய்வோம் என்ற வரியை அறிவிப்பில் சேர்த்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

நோட்டுப் புத்தகத்தை மொத்தமாக வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போனால் விலை குறையும் என்பது உண்மை. பில் இல்லாமல் வாங்கினால் இன்னும் கொஞ்சம் குறைப்போம் என்பார்கள். துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த தொகைக்கு யாரும் பொறுப்பில்லை. கடைப் பெயர், தேதி, வரிசை எண் உள்ள பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பெரிய தொகையென்றால் மூன்று கடைகளில் விலை கேட்டு எழுதி வையுங்கள்.

குழு உறுப்பினரின் உறவினர் கடையில் வாங்கலாமா என்பார்கள். வாங்கலாம், விலை நியாயமாக இருந்தால். ஆனால் அந்த உறுப்பினர் உறவைக் கூட்டத்தில் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். முடிவு எடுக்கும்போது எழுந்து வெளியே போய்விட வேண்டும். அவர் வெளியே போனதையும் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டும். பிறகு தெரிய வந்தால் பத்து ரூபாய் லாபமும் ஊழலாகத்தான் பேசப்படும்.

தீபாவளிச் சீட்டு, பரிசுக் குலுக்கல் நடத்தலாமா?

கூடவே கூடாது. பள்ளி வாசலில் தினமும் பார்க்கும் முகங்கள் என்பதால் இந்த யோசனை ஒவ்வோர் ஆண்டும் யாராவது ஒருவருக்கு வரும். தமிழ்நாட்டில் எல்லா லாட்டரியும் 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டுவிட்டது. சீட்டுப் போட்டுக் குலுக்கிப் பரிசு தரும் திட்டங்களுக்கு எதிராக 1978ஆம் ஆண்டின் மத்திய சட்டமும் இருக்கிறது. ஏலச்சீட்டுக்கு 1982ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டப்படி முன்அனுமதியும் பதிவும் வேண்டும். மாதாமாதம் பணம் வாங்கி, தீபாவளிக்குப் பொருளும் தங்கமும் தருவதாகச் சொல்வது, ஒழுங்குபடுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். தீபாவளிச் சீட்டில் ஏமாந்த குடும்பங்கள் நம் பகுதியில் எத்தனையோ உண்டு. பிள்ளைகளின் பள்ளிப் பெயரை அதன் அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் நன்கொடை தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அவர் எங்கே இருக்கிறார் என்பதைவிட எந்த நாட்டுக் குடிமகன் என்பதுதான் முக்கியம். துபாயில் வேலை பார்க்கும் அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருக்கிறார். தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புகிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்ட மாமா அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி மத்திய உள்துறையின் பதிவோ முன்அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. அவர் தமிழர், இதே பள்ளியில் படித்தவர் என்பதெல்லாம் சட்டத்துக்குக் கணக்கில்லை. வெளிநாட்டு இந்தியக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் அவர் வெளிநாட்டவர்தான். இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள்.

நன்கொடையாளர் வரிவிலக்குச் சான்று கேட்கிறார்.

நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் வருமான வரித் துறை அங்கீகாரம் (80ஜி என்பார்கள்) உங்கள் குழுவுக்கு இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடுங்கள். அங்கீகாரம் இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்ததற்குக் கழிவு கிடையாது.

பிள்ளைகளுக்குக் குழுவே வேன் ஏற்பாடு செய்யலாமா?

ஏற்பாடு செய்பவர் பொறுப்பும் ஏற்கிறார் என்பதை முதலில் உணர வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கு மாநிலத்தில் தனி விதிகள் வந்தன. தெருவில் யாரோ வைத்திருக்கும் வெள்ளை நம்பர் பலகை வேனை மாதவாடகைக்குப் பேசுவது மலிவாகத் தெரியும். சொந்த உபயோக வண்டியில் வாடகைக்கு ஆள் ஏற்றினால், விபத்து நேரும்போது காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க இடம் உண்டு. அனுமதிச் சீட்டு, தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் நான்கின் நகலையும் வாங்கி, தேதி பார்த்து, கோப்பில் வையுங்கள். எண்ணூர் விரைவுச்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகப் போகிற பிள்ளைகள் இவர்கள். நூறு ரூபாய் மிச்சத்துக்காக இதில் கண்ணை மூடாதீர்கள்.

ஆயா, தற்காலிக ஆசிரியர் சம்பளத்தைக் குழு கொடுக்கலாமா?

அவரை நியமிப்பது யார் என்பதைப் பள்ளியோடு எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். குழு நியமித்தால் குழுதான் முதலாளி. குறைந்தபட்ச ஊதியம், வேலையில் அடிபட்டால் இழப்பீடு எல்லாம் குழுவின் தலையில் வரும். சம்பளத்தை வங்கி மூலம் கொடுங்கள்.

உணவுக் கடை போடுவதற்கு?

சமைத்துத் தருபவரிடம் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். எந்தத் தட்டில் என்ன, யார் செய்தது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

குழுவில் யாராவது தவறாகப் பதிவிட்டால் அட்மின் மேல் வழக்கு வருமா?

அட்மினாக மட்டும் இருந்து வேறெதுவும் செய்யாதவரை வழக்கில் சேர்க்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லியிருக்கிறது. ஆனால் அவரும் அந்தப் பதிவைப் பகிர்ந்தாலோ ஆமோதித்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஓர் ஆசிரியர் லஞ்சம் வாங்குகிறார் என்று ஆதாரமின்றி எழுதுவது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவில் ஈராண்டுவரை சிறைக்கு இடம் உண்டு. புகார் இருந்தால் தலைமை ஆசிரியருக்கோ கல்வி அலுவலருக்கோ கடிதமாகக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

பிள்ளைகளின் படங்களைப் பொதுவெளியில் போட ஒவ்வொரு பெற்றோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வேண்டாம் என்றவரின் பிள்ளை படத்தில் இருந்தால் அந்தப் படத்தையே விட்டுவிடுங்கள்.

ஒரு பிள்ளைக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகக் குழுவுக்குத் தெரிய வந்தால்?

கூட்டம் போட்டு விவாதிக்காதீர்கள். சமரசம் பேசாதீர்கள். போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் மறைத்தால் ஆறு மாதம்வரை சிறை. 1098 குழந்தைகள் உதவி எண். கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது. பிள்ளையின் பெயர், வகுப்பு, தெரு எதுவும் வாட்ஸ்அப்பில் வரக் கூடாது. அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் தனிக் குற்றம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது தயங்கினால், அவரை விட்டுவிட்டு நீங்களே அழையுங்கள்.

கணக்கில் பணம் குறைகிறது. என்ன செய்வது?

முதலில் பெயர் சொல்லாதீர்கள். பொருளாளரும் அவரோடு தொடர்பில்லாத இரண்டு பெற்றோரும் உட்கார்ந்து, வங்கிப் பட்டியலையும் ரசீது அடிக்கட்டையையும் வரிக்கு வரி ஒப்பிடட்டும். பெரும்பாலும் எழுத விட்ட ஒரு செலவோ, இரண்டு முறை எழுதிய ஒரு வரவோ அகப்படும். எங்களுக்கு ஒரு முறை 1,150 ரூபாய் குறைந்தது. நாற்காலி வாடகை பில் தீர்மானப் புத்தகத்தின் உறைக்குள் செருகியிருந்தது. இரண்டு வாரம் தேடியும் விளக்கம் இல்லையென்றால் எழுத்தில் விளக்கம் கேளுங்கள், பொதுக்கூட்டத்தில் வையுங்கள். காவல் நிலையம் அதற்குப் பிறகு.

பொறுப்பிலிருந்து விலகும்போது என்ன செய்ய வேண்டும்?

காசோலைப் புத்தகம், பயன்படுத்திய ரசீதுப் புத்தகங்கள், பயன்படுத்தாதவை, பில் கோப்பு, தீர்மானப் புத்தகம், பான் அட்டை இவற்றைப் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். அன்றைய வங்கி இருப்பு, கையிருப்பு, கொடுக்க வேண்டிய பாக்கி மூன்றையும் நோட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதே வாரத்தில் வங்கிக்குப் போய் உங்கள் கையெழுத்தை நீக்குங்கள். பதிவாளருக்கும் தெரிவியுங்கள். பெயர் நீங்காதவரை அடுத்தவர் செய்யும் செலவுக்கும் உங்களிடம்தான் கேட்பார்கள்.

நான் ஒப்படைத்த அன்று கையிருப்பு 340 ரூபாய். மேசைமேல் எண்ணி வைத்தேன். புதிய பொருளாளர் வெட்கப்பட்டுக்கொண்டு அப்படியே எடுக்கப் போனார். எண்ணிப் பாருங்கள் என்றேன். எண்ணினார், பிறகு கையெழுத்திட்டார்.